சிம்ரன்: நடிப்பும் திரைப்பயணமும்

சிம்ரன் (பிறப்பு: ஏப்ரல் 4, 1976, மும்பை) தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளில் நடித்துள்ள திரைப்பட, தொலைக்காட்சி நடிகை. இயற்பெயர் ரிஷிபாலா நவல். விளம்பர மாடலாகவும் தொலைக்காட்சித் தொகுப்பாளராகவும் தொடங்கிய இவர், 1997 முதல் 2004 வரை தமிழ்த் திரையுலகின் முன்னணிக் கதாநாயகியாக விளங்கினார். கன்னத்தில் முத்தமிட்டால் (2002) படத்திற்காகச் சிறந்த தமிழ் நடிகைக்கான ஃபிலிம்பேர் விருதைப் பெற்றார். சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, பின்னர் தாய், மனைவி, எதிர்நாயகி வேடங்களில் மீண்டும் திரைக்கு வந்தார்.

சிம்ரனைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவருடைய நடனத்தையும் தோற்றத்தையும் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இரண்டும் பாராட்டுக்கு உரியவையே. ஆனால் அவரோடு அறிமுகமான பல நடிகைகள் மறக்கப்பட்ட பிறகும் இவர் ஏன் நினைவில் நிற்கிறார் என்பதற்கு அவை மட்டும் விடையாகா. சொல்ல முடியாத ஒன்றை மனத்தில் சுமக்கும் பெண்ணாக நடிக்கும்போது இவருடைய முகம் காட்டும் நுட்பமே அந்த விடை. அவருடைய சிறந்த படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். அந்தத் திறமையைத் தமிழ்த் திரையுலகம் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் தெரியவரும்.

தொடக்க காலம்

பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சிம்ரன் மும்பையில் வளர்ந்தார். மாடலிங் வழியாகப் பொதுவெளிக்கு வந்தார். தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் ஒளிபரப்பான சூப்பர்ஹிட் முகாப்லா என்ற திரைப்பாடல் வரிசை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். தனியார் அலைவரிசைகள் வேரூன்றத் தொடங்கிய அந்தக் காலத்தில் நாடு முழுவதும் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அது.

1995இல் வெளிவந்த சனம் ஹர்ஜாய் இவருடைய முதல் இந்திப் படம். அது கவனம் பெறவில்லை. அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம் தயாரித்த தேரே மேரே சப்னே (1996) ஓரளவு பெயர் வாங்கித் தந்தது. அர்ஷத் வார்சியுடன் இவர் ஆடிய பாடல் அந்தப் படத்தைவிடப் புகழ்பெற்றது. பின்னாளில் தமிழிலும் இதே நிலை பலமுறை ஏற்பட்டது. படம் மறந்துபோகும், பாடல் மட்டும் நிற்கும். மம்மூட்டியுடன் மலையாளத்தில் இந்திரபிரஸ்தம் (1996), சிவராஜ்குமாருடன் கன்னடத்தில் சிம்ஹத மரி (1997) ஆகிய படங்களில் நடித்த பிறகு தமிழுக்கு வந்தார்.

தமிழில் நுழைவு

1997இல் மட்டும் ஒன்ஸ் மோர், வி.ஐ.பி., நேருக்கு நேர், பூச்சூடவா ஆகிய படங்கள் வெளிவந்தன. ஒன்ஸ் மோரில் சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்தனர். நேருக்கு நேர் நடிகர் சூர்யாவின் முதல் படம். புதுமுகம் ஒருவருக்கு ஒரே ஆண்டில் இத்தனை வாய்ப்புகள் கிடைத்தது அரிது. எனினும் இந்தப் படங்களில் அவருக்குத் தரப்பட்ட பணி, அழகாகத் தோன்றுவதும் பாடல்களில் ஆடுவதுமே.

1998இல் வந்த மூன்று படங்களில் சிறு மாற்றம் தெரிந்தது. நட்புக்காக படத்தில் வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பெரிய வீட்டுப் பெண். கண்ணெதிரே தோன்றினாள் படத்தில் நாயகனுடைய நண்பனின் தங்கை. அவள் வருவாளா படத்தில் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி வந்து, கடந்த காலத்தை மறைத்து வாழும் பெண். மூன்றாவது வேடமே கவனத்திற்குரியது. கதவு தட்டப்படும்போதும் அறிமுகமில்லாத ஒருவர் பெயர் கேட்கும்போதும் கண்ணில் ஒரு கணம் தோன்றி மறையும் அச்சத்தை அவர் மிகையில்லாமல் காட்டினார். மறைத்து வைக்க ஏதேனும் ஒன்று இருக்கும் வேடங்களில் அவருடைய நடிப்பு கூர்மையடைகிறது என்பதற்கு இதுவே முதல் சான்று.

நடனம்

சிம்ரனின் நடனத்தைத் தனியே பேச வேண்டும். செவ்வியல் நடனம் பயின்ற நடிகையரின் ஆட்டத்தில் முத்திரையும் அடவும் முன்னிற்கும். சிம்ரனிடம் வேகமும் இலகுவும் முன்னின்றன. கடினமான அசைவைச் செய்து முடித்த கையோடு, ஒன்றும் நிகழாதது போன்ற முகபாவத்துடன் அடுத்த அசைவுக்குச் செல்வார். உழைப்பு வெளியே தெரியாது. பிரபுதேவா, ராஜு சுந்தரம் போன்றவர்களோடு ஆடும்போதும் பின்தங்கியதில்லை. எதிரும் புதிரும் (1999) படத்தில் ஒரே ஒரு பாடலுக்கு மட்டும் தோன்றினார். அந்தப் படத்தின் கதையை மறந்தவர்களுக்கும் அந்தப் பாடல் நினைவிருக்கிறது.

இந்தத் திறமையே அவருக்குத் தடையாகவும் அமைந்தது. ஐந்து பாடல்களில் ஆட வைத்துவிட்டால் போதும், காட்சிகளில் அவருக்கென்று எதுவும் எழுத வேண்டியதில்லை என்ற போக்கு வளர்ந்தது. அவர் நடித்த பல வணிகப் படங்களில் இரு பாடல்களுக்கு இடையே நாயகி என்ன நினைக்கிறாள் என்ற கேள்வியே எழுவதில்லை.

இரவல் குரல்

சிம்ரனின் நடிப்பை மதிப்பிடும் எவரும் கடந்து போக முடியாத உண்மை ஒன்று உண்டு. கதாநாயகியாக இருந்த ஆண்டுகளில் தமிழ் ரசிகர்கள் கேட்டது பெரும்பாலும் அவருடைய குரல் அன்று. சவிதா முதலிய பின்னணிக் குரல் கலைஞர்கள் அவருக்காகப் பேசினர். இந்தித் தொலைக்காட்சியில் தம் சொந்தக் குரலால் அறிமுகமான ஒருவர், தமிழ்த் திரைக்கு வந்ததும் அந்தக் குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வர நேர்ந்தது.

இது சிம்ரனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. வடநாட்டிலிருந்து வந்த நடிகையருக்குக் குரல் கொடுப்பது தமிழ்த் திரையுலகின் நெடுநாள் வழக்கம். தமிழ் பேசத் தெரிந்த நடிகையருக்கும்கூட வேறொருவர் குரல் கொடுத்ததுண்டு. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன.

முதலாவது, ஒரு வேடத்தின் வெற்றியில் பாதிப் பங்கு உடைய குரல் கலைஞரின் பெயர் பாராட்டுரைகளில் விடுபட்டுப் போகிறது. சிம்ரனின் சிரிப்பும் சிணுங்கலும் கோபமும் என்று ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பவற்றில் ஒரு பகுதி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொரு பெண் உருவாக்கியது. அவருடைய நடிப்பைப் பாராட்டும்போது அந்தப் பெண்களையும் சேர்த்துப் பாராட்டுவதே நேர்மை.

இரண்டாவது, குரலை நம்ப முடியாத நடிகை முகத்தையும் உடலையும் நம்ப வேண்டியிருக்கிறது. வசனத்தின் ஏற்ற இறக்கம் தம் கையில் இல்லாதபோது, வசனத்திற்கு முன்னும் பின்னும் உள்ள மௌனம் மட்டுமே முழுக்க அவருக்குச் சொந்தம். சிம்ரனின் மிகச் சிறந்த கணங்கள் பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான் நிகழ்கின்றன. மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது அவர் முகம் மாறும் விதத்தைக் கவனித்தால் இது புலப்படும்.

1999: துள்ளாத மனமும் துள்ளும், வாலி

இந்த ஆண்டில் வெளியான இரு படங்கள் சிம்ரனின் இடத்தை உறுதிசெய்தன. இரண்டும் புதிய இயக்குநர்களின் முதல் படங்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

எழில் இயக்கிய துள்ளாத மனமும் துள்ளும், சாப்ளினின் சிட்டி லைட்ஸ் (1931) படத்தின் சாயல் கொண்ட கதை. குட்டி என்ற இளைஞனை ரவுடி என்று எண்ணி வெறுக்கிறாள் ருக்மணி. அவனால் நேரும் விபத்தில் பார்வையை இழக்கிறாள். பார்வையற்ற நிலையில் தனக்கு உதவுபவன் அவன்தான் என்று அறியாமலேயே அவன்மீது அன்பு கொள்கிறாள். பார்வை திரும்பியதும் அதே முகத்தைக் கண்டு பழைய வெறுப்பு மீள்கிறது. ஒரு மனிதனின் குரலை நேசித்து, முகத்தை வெறுக்கும் பெண்ணின் கதை இது. பார்வையற்றவராக நடிக்கும்போது கண்ணை வெறித்து வைத்துக்கொள்வது தமிழ்ப் படங்களின் வழக்கம். சிம்ரன் தலையை ஒலி வரும் திசைக்குச் சிறிது தாமதித்துத் திருப்புவதன் மூலம் அந்த நிலையை உணர்த்தினார். பின்பகுதியில் மாவட்ட ஆட்சியராக வரும்போது அதே தலை நிமிர்ந்து நேராக நிற்கிறது. படத்தின் பின்பகுதியில் நம்பமுடியாத நிகழ்வுகள் பல உண்டு. அவற்றைத் தாங்கிப் பிடிப்பது இந்த வேறுபாடே. இதன் தெலுங்கு வடிவமான நுவ்வு வஸ்தாவனி (2000) படத்திலும் அவரே நாகார்ஜுனாவுடன் நடித்தார்.

எஸ்.ஜே. சூர்யா இயக்கிய வாலி அஜித்குமாரின் இரட்டை வேட நடிப்புக்காகப் பேசப்படுகிறது. காது கேளாத, வாய் பேசாத அண்ணன், தம்பியின் மனைவி பிரியாமீது தீராத வேட்கை கொள்கிறான். பிரியாவுக்கு அது தெரிகிறது. கணவனிடம் சொல்கிறாள். அண்ணனைத் தெய்வமாக மதிக்கும் கணவன் நம்ப மறுக்கிறான். படத்தின் அச்சம் முழுவதும் பிரியாவின் முகத்தின் வழியாகவே பார்வையாளருக்குக் கடத்தப்படுகிறது. அஜித் இருவராக வந்தாலும், இருவரில் எவர் எதிரே நிற்கிறார் என்பதைப் பார்வையாளர் தெரிந்துகொள்வது பல இடங்களில் சிம்ரன் அவரைப் பார்க்கும் பார்வையிலிருந்துதான். கணவனோடு இருக்கும்போது தளர்ந்திருக்கும் தோள், அண்ணன் அறைக்குள் வந்ததும் இறுகுகிறது.

வாலி இன்னொரு காரணத்திற்காகவும் மறுவாசிப்புக்கு உரியது. வீட்டுக்குள் நிகழும் தொல்லையைப் பெண் சொன்னால் குடும்பம் நம்பாது என்பதை அந்தப் படம் வணிகச் சினிமாவின் மையத்தில் வைத்துப் பேசியது. அதே படம் அந்தத் தொல்லையைக் கிளர்ச்சியூட்டும் காட்சிகளாகவும் விற்றது. இந்த முரணை இன்று காண்பவர் உணராமல் இருக்க முடியாது. பிரியாவின் தவிப்பை உண்மையாக எடுத்துக்கொண்டு நடித்தவர் சிம்ரன். அதனால்தான் கிளர்ச்சிக் காட்சிகள் பழையனவாகத் தோன்றும் இன்றும் அந்தத் தவிப்பு பழையதாகத் தோன்றவில்லை.

எதிர்நிலை வேடமும் ஒப்பந்த மனைவியும்

2000இல் வெளிவந்த பார்த்தேன் ரசித்தேன் (இயக்கம்: சரண்) படத்தில், நாயகனின் காதலுக்கு உதவ வந்து, தானே அவனைக் காதலித்து, பிறகு அந்தக் காதலைப் பிரிக்க முயலும் தோழியாக நடித்தார். முன்னணியில் இருந்த கதாநாயகி ஒருவர் எதிர்நிலை வேடத்தை ஏற்றது அன்று துணிச்சலான முடிவு. தோழமைக்குள் பொறாமை முளைக்கும் நிலையைப் படிப்படியாகக் காட்டியதால் பார்வையாளர் அவரை முழுதும் வெறுக்க முடியவில்லை. படம் முடியும்போது நாயகியைவிட இவரே மனத்தில் நிற்கிறார்.

அதே ஆண்டில் வந்த பிரியமானவளே, பவித்ர பந்தம் (1996) என்ற தெலுங்குப் படத்தின் மறுவாக்கம். ஓராண்டு ஒப்பந்தத்தில் மனைவியாக இருக்க ஒருத்தி சம்மதிக்கிறாள் என்ற கதை இன்று ஏற்கத்தக்கதன்று. ஒப்பந்தம் முடிந்ததும் கணவன் மனம் மாறி அழைக்கும்போது உடனே திரும்பிச் செல்ல அவள் மறுக்கும் பகுதி மட்டும் தனித்து நிற்கிறது. அழுகையைக் குறைத்து, நிமிர்வைக் கூட்டி அந்தப் பகுதியை நடித்தார்.

பாலசந்தரின் நூறாவது படமான பார்த்தாலே பரவசம் (2001), ஒளிப்பதிவாளர் ஜீவா இயக்கிய முதல் படமான 12பி (2001) ஆகியவற்றிலும் நடித்தார். தெலுங்கில் சமரசிம்ம ரெட்டி (1999), கலிசுந்தாம் ரா (2000), நரசிம்ம நாயுடு (2001) ஆகியவை பெருவெற்றி பெற்றன. அந்த வெற்றிகளின் மையம் அவற்றின் நாயகர்களே.

2002

சிம்ரனின் திறமைப் பரப்பை அறிய விரும்பும் மாணவர் இந்த ஒரே ஆண்டின் படங்களைப் பார்த்தால் போதும்.

பொங்கலுக்கு வந்த பம்மல் கே. சம்பந்தம் படத்தில், அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் வயிற்றுக்குள் கைக்கடிகாரத்தை விட்டுவிடும் மருத்துவர் ஜானகி. பஞ்சதந்திரம் படத்தில் கணவனை நம்பலாமா கூடாதா என்று தடுமாறும் மைதிலி. இரண்டிலும் கமல்ஹாசனுக்கும் கிரேசி மோகனின் வசன வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. நகைச்சுவைக் காட்சியில் சிரிக்க வைக்க முயலாமல், நிலைமையை மெய்யென்று நம்பி நடிப்பவரே உண்மையில் சிரிப்பை வரவழைப்பார். சிம்ரன் அதைச் செய்தார்.

இதே ஆண்டின் ரமணா படத்தில் நாயகனின் மனைவியாக, முன்கதையில் வந்து இறந்துபோகும் சிறு வேடமே அவருக்கு அமைந்தது. அடுத்த ஆண்டு கோவில்பட்டி வீரலட்சுமி (2003) படத்தில் தலைப்பு வேடம் ஏற்றார். நடிகையை மையமாக வைத்த படங்களுக்குச் சந்தை இல்லாத காலத்தில் அது தனி முயற்சியாகவே நின்றுவிட்டது.

கன்னத்தில் முத்தமிட்டால்

பிப்ரவரி 2002இல் வெளிவந்த மணிரத்னத்தின் இந்தப் படம் ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது. இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஷியாமா என்ற பெண் இராமேசுவரம் முகாமில் பெற்றுவிட்டுச் சென்ற குழந்தை அமுதா. அவளைத் தத்தெடுக்க விரும்பும் எழுத்தாளர் திருச்செல்வன் மணமாகாதவர் என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. அதற்காகவே இந்திராவை மணக்கிறார். ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மையை அறியும் அமுதா, பெற்ற தாயைத் தேடிப் புறப்படுகிறாள்.

இந்திராவின் நிலையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருமணமே அந்தக் குழந்தையின் பொருட்டு நடந்தது. அவளைத் தொடர்ந்து இரண்டு மகன்கள் பிறந்தனர். உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு மகளின் சினம் முழுவதும் விழுவது இந்திராமீது. தாயைத் தேடி அழைத்துச் செல்லும் பயணத்திலும் அவளே உடன் செல்கிறாள். தேடியவள் கிடைத்துவிட்டால் தன் மகளை இழக்க நேரலாம் என்று அறிந்தே தேடுகிறாள். போர் நடக்கும் மண்ணில் காயமும் படுகிறாள்.

பார்வையாளர் பலருக்கும் நினைவில் இருப்பது கீர்த்தனாவின் நடிப்பும் நந்திதா தாஸின் இறுதிக் காட்சியும். இருவருக்கும் வலுவான வசனங்கள் உண்டு. சிம்ரனுக்கு அந்த இறுதிக் காட்சியில் பெரும்பாலும் நிற்பதும் பார்ப்பதுமே வேலை. மழையில் நின்றபடி, பெற்றவளிடம் மகள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் வளர்த்தவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். விடை எப்படி இருந்தாலும் அவளுக்கு வலிதான். பெற்றவள் ஏற்றுக்கொண்டால் தன் மகள் போய்விடுவாள். ஏற்காவிட்டால் மகளின் மனம் உடையும். இந்த இரண்டு அச்சங்களையும் ஒரே முகத்தில், ஒரு சொல்லும் இன்றிக் காட்ட முடிந்தது என்பதே சிம்ரனின் திரைவாழ்வின் உச்சம். ஃபிலிம்பேர் விருது இந்த வேடத்திற்கே கிடைத்தது.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் அவளுக்கு இளைய இரு மகன்களுக்கும் தாயாக நடித்தால் கதாநாயகி வாய்ப்புகள் குறையும் என்பது திரையுலகின் நம்பிக்கை. அந்த இழப்புக்கு அஞ்சாமல் அவர் ஏற்றதால்தான் இந்திரா நமக்குக் கிடைத்தாள்.

இடைவெளி

2003 டிசம்பரில் சிம்ரனுக்குத் திருமணம் நடந்தது. 2004இல் நியூ, நீண்ட நாள் தாமதமான உதயா ஆகியவை வெளிவந்தபின் கதாநாயகி வேடங்கள் ஏறத்தாழ நின்றன. அவரோடு நடித்த நாயகர்களை இங்கு எண்ணிப் பார்க்கலாம். விஜய், அஜித், மாதவன், சூர்யா ஆகிய நால்வருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். அவர்கள் தொடர்ந்து நாயகர்களாகவே நடித்தனர்.

கௌதம் மேனனின் வாரணம் ஆயிரம் (2008) இந்த ஏற்றத்தாழ்வைக் கண்முன் நிறுத்துகிறது. 1975இல் பிறந்த சூர்யாவுக்கு 1976இல் பிறந்த சிம்ரன் தாயாக நடித்தார். சூர்யாவின் முதல் படத்தில் நடித்த இளம் நடிகை, பதினோரு ஆண்டுகளில் அவருக்குத் தாயானார். தந்தை வேடத்திலும் சூர்யாவே நடித்ததால், அந்தப் படத்தில் அவருக்கு மனைவியும் இவரே. மாலினி என்ற அந்தப் பாத்திரத்தின் காதல் பருவத்தையும் முதுமையையும் சிம்ரன் சீராக இணைத்தார். முதுமைக்கு ஒப்பனையை மட்டும் நம்பாமல் அசைவின் வேகத்தைக் குறைத்துக்கொண்டது நல்ல தேர்வு. வேடம் சிறந்தது, நடிப்பும் சிறந்தது. ஆனால் முப்பத்திரண்டு வயதில் ஒரு நடிகைக்குக் கிடைத்த மிகச் சிறந்த வேடம் இதுவாக இருந்தது என்பது அந்த நடிகையைப் பற்றிய செய்தியன்று. அது திரையுலகைப் பற்றிய செய்தி.

தொலைக்காட்சி

திருமணத்திற்குப் பின் சிம்ரன் தொலைக்காட்சிக்குத் திரும்பினார். ஜெயா தொலைக்காட்சியில் சிம்ரன் திரை என்ற பெயரில் தனித்தனிக் கதைகள் கொண்ட தொடரில் நடித்தார். குஷ்பூ நடத்திப் புகழ்பெற்ற ஜாக்பாட் நிகழ்ச்சியைப் பின்னர் இவரும் நடத்தினார். ஜெமினி தொலைக்காட்சியில் சுந்தரகாண்டா என்ற தெலுங்குத் தொடரிலும், புதுயுகம் தொலைக்காட்சியில் அக்னிப் பறவை தொடரிலும் நடித்தார்.

இவற்றுள் சிம்ரன் திரை நல்ல எண்ணத்தில் பிறந்த முயற்சி. ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரே கதைக்குப் பதிலாக, சில வாரங்களில் முடியும் வெவ்வேறு கதைகளில் வெவ்வேறு பெண்களாக நடிக்க அது வழிவகுத்தது. ஆயினும் அவருடைய திரைப்பட வேடங்களுக்கு இணையான எதுவும் தொலைக்காட்சியில் அமையவில்லை. அதற்கு ஊடகத்தின் இயல்பே முதற்காரணம் எனலாம். தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் அடிப்படையில் பேச்சை நம்பும் கலை. அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவர்களுக்கும் கதை புரிய வேண்டும் என்பதால், மனத்தில் உள்ளதெல்லாம் வசனமாகச் சொல்லப்படுகிறது. ராதிகா போன்றவர்கள் அங்கே வென்றதற்கு அவர்களுடைய குரலின் ஆளுமை பெருந்துணை. சிம்ரனின் பலமோ சொல்லாமல் விடுவதில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடும் வடிவத்தில் அவருக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை.

மறுவரவு

2018க்குப் பின் வாய்ப்புகள் மீண்டும் பெருகின. சீமராஜா (2018) படத்தில் எதிர்நாயகியாகவும், பேட்ட (2019) படத்தில் ரஜினிகாந்துடனும், மகான் (2022) படத்தில் விக்ரமின் மனைவியாகவும் நடித்தார். சீமராஜாவின் வேடம் உரத்த குரலையும் முறைப்பையும் மட்டுமே கேட்டது. அவருக்குச் சற்றும் பொருந்தாத வேடங்களில் அது ஒன்று. பேட்டயில் சில காட்சிகளே என்றாலும், நடுவயதினர் இருவரிடையே மலரும் இணக்கத்தைக் கேலியின்றி நடித்தார்.

பாவக் கதைகள் (2020) தொகுப்பில் கௌதம் மேனன் இயக்கிய வான்மகள் பகுதி இவற்றைவிட முக்கியமானது. பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமியின் தாய் மதியாக நடித்தார். மகள்மீது அன்பும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் மானமும் அவளுக்குள் மோதுகின்றன. மகளை மலையிலிருந்து தள்ளிவிடுவதாக அவள் கற்பனை செய்யும் காட்சி பார்ப்பவரைக் கலங்க வைக்கும். தாய் என்றாலே தியாகம் என்று காட்டிப் பழகிய திரையில், தாய்க்குள்ளும் ஊரின் கொடுமை குடியிருக்கும் என்று காட்டிய வேடம் இது. இந்திராவைப் பார்த்தவர்கள் அடுத்து மதியையும் பார்க்க வேண்டும்.

மாதவன் இயக்கி நடித்த ராக்கெட்ரி: நம்பி விளைவு (2022) படத்தில், பொய் வழக்கில் சிக்கிய விஞ்ஞானி நம்பி நாராயணனின் மனைவி மீனாவாக வந்தார். அவமானம் ஒரு பெண்ணின் மனநிலையைக் குலைக்கும் விதத்தைக் குறைந்த காட்சிகளில் உணர்த்தினார். இந்தியில் குல்மொஹர் (2023) படத்தில் மனோஜ் பாஜ்பாயின் மனைவியாக நடித்து, தொடங்கிய மொழிக்கே முதிர்ந்த நடிகையாகத் திரும்பினார். அந்தாதுன் (2018) படத்தின் தமிழ் வடிவமான அந்தகன் (2024) படத்தில், இந்தியில் தபு ஏற்ற கொலைகார மனைவி வேடம். தபுவின் குளிர்ச்சியான அலட்சியம் இவரிடம் முழுதாக அமையவில்லை. எனினும் மாட்டிக்கொள்வோமோ என்ற பதற்றம் எட்டிப்பார்க்கும் இடங்களில் இவருக்கே உரிய நுட்பம் தெரிகிறது.

டூரிஸ்ட் ஃபேமிலி

அபிஷன் ஜீவிந்த் இயக்கிய டூரிஸ்ட் ஃபேமிலி (2025) படத்தில் சிம்ரன் வாசந்தி என்ற ஈழத் தமிழ்ப் பெண்ணாக நடித்தார். பொருளாதார நெருக்கடியால் வாழ வழியின்றி, கணவர் தர்மதாஸ் (சசிகுமார்), இரு மகன்களோடு படகேறி இராமேசுவரம் வந்து, சென்னையில் குடியேறுகிறது அந்தக் குடும்பம். எங்கிருந்து வந்தார்கள் என்பது அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது. அவர்களுடைய பேச்சே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாய் திறந்தால் ஆபத்து என்ற நிலையில் உள்ள பெண் சிம்ரனுக்கு மிகப் பொருத்தமான வேடம். படத்தின் நகைச்சுவையும் நெகிழ்ச்சியும் சசிகுமார், யோகி பாபு, சிறுவன் கமலேஷ் ஆகியோரிடம் கூடுதலாகப் பங்கிடப்பட்டுள்ளன. வாசந்திக்குத் தனியே எழுதப்பட்ட காட்சிகள் குறைவு. இது திரைக்கதையின் குறை. ஆனாலும் கணவர் வெள்ளந்தியாகப் பேசத் தொடங்கும் போதெல்லாம் அவள் முகத்தில் ஓடும் கவலை, அந்தக் குடும்பத்தின் உண்மையான நிலையைப் பார்வையாளருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் படத்தைக் கன்னத்தில் முத்தமிட்டாலோடு சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. 2002இல் சென்னைத் தாயாக, ஈழத்தில் பிறக்க வேண்டிய மகளை அழைத்துக்கொண்டு அந்த மண்ணுக்குச் சென்றார். 2025இல் ஈழத் தாயாக, தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். இரு கதைகளிலும் இராமேசுவரம் வாசலாக இருக்கிறது. இரு கதைகளிலும் பிள்ளைகளை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் தாய் அவர்.

மதிப்பீடு

2025இல் ஒரு விருது விழாவில், முதிர்ந்த வேடங்களை ‘ஆன்ட்டி’ வேடங்கள் என்று ஒருவர் இகழ்ந்ததற்குச் சிம்ரன் வெளிப்படையாகப் பதிலளித்தார். ஒன்றுமில்லாத வேடங்களில் நடிப்பதைவிட அவை மேலானவை என்பது அவருடைய கருத்து. அவருடைய படப்பட்டியல் அந்தக் கருத்துக்குச் சான்று தருகிறது. இளமையில் அவர் நடித்த ஒன்றுமில்லாத வேடங்களின் எண்ணிக்கை பெரிது. நிலைத்து நிற்கும் வேடங்களில் கணிசமானவை தாயாகவும் மனைவியாகவும் நடித்தவை.

சிம்ரனின் குறைகளும் வெளிப்படையானவை. தமிழில் சொந்தக் குரலால் ஓர் ஆளுமையை அவர் நிறுவவில்லை. சினம் மிகுந்த நீண்ட காட்சிகளில் ஒரே வகையான முகபாவத்திற்குள் சிக்கிக்கொள்வார். கதைத் தேர்விலும் சீர்மை இல்லை. உச்சத்தில் இருந்தபோது தம் புகழைப் பயன்படுத்தி நல்ல வேடங்களை எழுதச் செய்திருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. அன்றைய திரையுலகில் ஒரு நடிகைக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்ற கேள்வியையும் அதோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

நடனத்தால் புகழ்பெற்றார் என்ற ஒரு வரி அறிமுகம் சிம்ரனுக்குப் போதாது. வாலியின் பிரியா, கன்னத்தில் முத்தமிட்டால் படத்தின் இந்திரா, வான்மகளின் மதி ஆகிய மூவரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே பேச முடியாமல் தவிப்பவர்கள். அவர்களைக் குரலின் துணை அதிகம் இல்லாமலேயே பார்வையாளருக்குப் புரிய வைத்தது அவருடைய சாதனை. நடிப்பு பயிலும் மாணவர்கள் இந்த மூன்று படங்களிலும் சிம்ரன் பேசாத காட்சிகளை முதலில் ஒலியை நிறுத்தியும், பிறகு ஒலியோடும் பார்க்கலாம். முகம் செய்யும் வேலை எவ்வளவு, குரல் கலைஞர் செய்யும் வேலை எவ்வளவு என்பதை அது தெளிவாகக் கற்றுத்தரும்.